மலை மறைக்குமா, மூடுபனி மறைக்குமா?

கேள்வி: கோத்தகிரிக்குக் கீழே தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் குடியிருக்கிறோம். கேபிள் இங்கே வருவதில்லை. தனியார் டிஷ்ஷுக்கு மாதந்தோறும் ரீசார்ஜ் செய்யக் கட்டுப்படியாகவில்லை. மாதக் கட்டணமில்லாத அரசு டிஷ் வாங்கலாமென்றால், மலை மறைக்கும், மூடுபனியில் படம் வராது என்கிறார்கள். உண்மைதானா? அனுமதி ஏதேனும் வாங்க வேண்டுமா?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2004 டிசம்பரில் தொடங்கிய சேவை, இன்று டிடி ஃப்ரீ டிஷ் என்று பெயர். டிஷ்ஷும் செட்டாப் பாக்ஸும் வாங்கும் செலவோடு சரி, சந்தா கிடையாது. அனுமதியும் வேண்டாம். வானொலிப் பெட்டிக்கே அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டிய காலம் எப்போதோ போய்விட்டது.

மலை மறைக்கும் என்பது பழைய ஆன்டெனாக் காலத்து அனுபவம். அப்போது கோபுரத்திலிருந்து பக்கவாட்டில் வந்த அலையை நடுவிலுள்ள குன்று தடுத்தது. இந்தச் சேவையைத் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோளோ 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கிறது. நீலகிரியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், ஏறத்தாழ 66 பாகை உயரத்தில், அதாவது தலைக்கு மேலே சற்றே சாய்ந்த இடத்தில் இருப்பதால், எதிர்மலை குறுக்கே வர வாய்ப்பு மிகக் குறைவு. வீட்டையொட்டி நிற்கும் கற்பூர மரத்தையும் சில்வர் ஓக்கையும்தான் கவனிக்க வேண்டும்; 30 மீட்டர் மரமானால் அதிலிருந்து 15 மீட்டராவது தள்ளி டிஷ்ஷை வையுங்கள். டிஷ் நிமிர்ந்து நிற்பதுபோல் தோன்றினாலும் அதன் பார்வை அதைவிட மேலே இருக்கும். அதைக் கண்டு மலையைப் பார்த்து வைத்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

மூடுபனி இந்த அலைகளை அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. கனமழை செய்யும், ஏனெனில் இந்தச் சேவை பயன்படுத்தும் கேயூ பட்டை (Ku band) அலைகளைப் பெரிய துளிகள் உறிஞ்சிக்கொள்ளும்; மழை தணிந்ததும் படம் திரும்பிவிடும். திரும்பவில்லையென்றால், டிஷ்ஷின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் அலைவாங்கியான எல்என்பியின் இணைப்பில் நீர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் காயாத மலையூர்களில் பனியின் மேல் சுமத்தப்படும் பழியில் பாதி இந்த இணைப்புக்கே உரியது.

என் தயக்கம் வேறு. டிடி தமிழ் வரும்; வகுப்புவாரியாகப் பாடம் நடத்தும் பிஎம் இ-வித்யாவும் வரும். ஆனால் தனியார் அலைவரிசைகள் இதில் ஏலம் எடுத்தே இடம்பிடிக்கின்றன, அப்படிப் பிடித்தவற்றில் பெரும்பாலானவை இந்தி. ஒலிபரப்பு அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. அலை லைன் வீட்டுக் கூரைவரை வந்துவிட்டது. தமிழ்தான் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை. ஆகவே வாங்குமுன், இதை வைத்திருக்கும் வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். வீட்டார் தனியார் தொடர்களுக்காகவே தொலைக்காட்சியைத் திறப்பவர்கள் என்றால், மிச்சமாகும் ரீசார்ஜ் பணத்தைவிட மனத்தாங்கல் பெரிதாகிவிடும்.

கேள்வி: உறவினர் தரும் பழைய ஃப்ரீ டிஷ் பெட்டி போதுமா?

பதில்: படம் வரும். ஆனால் எம்பெக்-2, எம்பெக்-4 என்று படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகள் இரண்டு உண்டு; பழைய பெட்டி எம்பெக்-2 வகையாக இருந்தால், எம்பெக்-4 முறையில் அனுப்பப்படும் அலைவரிசைகள் அதில் தெரியா. புதிதாக வாங்குவதாயின் எம்பெக்-4 பெட்டியையே கேளுங்கள்.