கண் அழுத்த நோய்க்கான (கிளாக்கோமா) அறுவை சிகிச்சைக்குப் பிறகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் தாயாருக்கு டிரபெகுலெக்டமி செய்து பத்து நாள்கள் ஆகின்றன. மறுநாள் 14 ஆக இருந்த கண் அழுத்தம் இப்போது 24. சிகிச்சை தோற்றுவிட்டதா? (காரைக்குடி)

பதில்: இந்த ஓர் அளவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கண்ணின் வெள்ளைச் சுவரில் சிறு மூடி ஒன்றை வெட்டி, உள்ளே தேங்கும் நீரை வெளிப்படலத்துக்கு அடியில் வடியவிடுவதே இந்த அறுவை. மூடி தளர்வாக இருந்தால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி, விழித்திரையில் மடிப்பு விழுந்து பார்வை மங்கக்கூடும் என்பதால், தையலைச் சற்று இறுக்கியே போட்டு, பின்வரும் வாரங்களில் லேசராலோ, உருவி எடுத்தோ ஒவ்வொன்றாகத் தளர்த்துகிறோம். உடலோ இந்த வழியைக் காயமாகக் கருதித் தழும்பால் அடைக்கப் பார்க்கிறது. அதைத் தடுக்கவே அறுவையின்போது மைட்டோமைசினும், பின்னர் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் தருகிறோம். மதுரைக்கு அடிக்கடி அழைத்துச் செல்வதன் சிரமம் எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் மாதத்தில் ஒரு பரிசோதனையைக்கூடத் தவறவிடாதீர்கள். தையலைத் தளர்த்துவதற்குரிய காலம் கடந்தால், அதே பலன் பிறகு கிடைப்பதில்லை. நீர் வடிவதற்காகக் கண்ணை விரலால் அழுத்திவிடுவதையும் மருத்துவர் கற்றுத் தராமல் செய்யவே கூடாது.

கேள்வி: கண்ணின் நீரை வடிக்கும் குழாய் பொருத்தி மூன்று வாரமாகியும் அழுத்தம் 28. பழைய சொட்டு மருந்துகளையே தொடரச் சொல்கிறார்கள். ஏன்? (தேவகோட்டை)

பதில்: மதுரை ஆரோலேப் தயாரிப்பைப் போன்ற வால்வு இல்லாத குழாய் என்றால், தானாகக் கரையும் நூலால் அதைக் கட்டிவைத்திருப்பார்கள். குழாயின் முனையில் நீர் வந்து சேரும் தட்டைச் சுற்றி உறை உருவாகும் வரை நீர் பாயக் கூடாது. ஏறத்தாழ ஐந்தாறு வாரங்களில் நூல் கரைந்து குழாய் திறக்கும். அதுவரை மருந்துதான் காவல். திறக்கும் வேளையில் அழுத்தம் திடீரென்று சரியலாம். வலித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே செல்லுங்கள். வால்வு உள்ள 'அகமது வால்வு' வகைக் குழாய் என்றால் முதல் நாளிலிருந்தே வேலை செய்யும்.

கேள்வி: அறுவை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊருணியில் குளிக்கலாமா? (கானாடுகாத்தான்)

பதில்: வேண்டாம், ஆச்சி. அறுவையில் அமைத்த வழியே வடியும் நீர் தேங்கி, மேல் இமைக்குள் இருக்கும் நீர்க் கொப்புளத்தின் சுவர் மெல்லியது. பல ஆண்டுகள் கழிந்த பின்னும் கிருமி அதன் வழியே கண்ணுக்குள் நுழையலாம். கண் சிவந்து, வலித்து, பீளை தள்ளினால், வீட்டு விசேஷம் முடியட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அழுத்தம் 12 ஆகிவிட்டது. இழந்த பார்வை திரும்புமா? (பள்ளத்தூர்)

பதில்: திரும்பாது. இருப்பதைக் காப்பதே நோக்கம். இந்நோய் குடும்பத்தில் வரக்கூடியது என்பதால், உடன்பிறந்தவர்களையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.