துணைத் தலைவர் பதவிக்கு நிற்பவரின் தகுதியை எதை வைத்து முடிவு செய்வது?

குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் நின்றவருக்குத் தகுதி இருந்ததா என்று வீட்டில் ஓயாமல் வாக்குவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் நிற்கிறார்கள் போலிருக்கிறது. 2025 செப்டம்பரில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கம். இருப்பது கேரளாவில், வீட்டுப் பேச்சு தமிழ், நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் கோயம்புத்தூர். போட்டியிட்ட இருவரில் சி.பி. ராதாகிருஷ்ணன் 1998, 1999 என இரண்டு முறை கோவை எம்.பி.யாக இருந்தவர், அதனால் "நம்ம பக்கத்துக்காரர்" என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. கொழுந்தனாரோ, எதிர்த்து நின்ற சுதர்சன் ரெட்டி உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், சட்டம் தெரிந்தவர்தான் வேண்டும் என்றார். 452க்கு 300 என்று ராதாகிருஷ்ணன் ஜெயித்த பிறகும் பேச்சு நிற்கவில்லை.

சட்டம் கேட்கும் தகுதி கொஞ்சம்தான். இந்தியக் குடியுரிமை, 35 வயது, மாநிலங்களவை உறுப்பினராகும் தகுதி, ஆதாயம் தரும் அரசுப் பதவி எதிலும் இல்லாதிருப்பது. படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இதைச் சொன்னால் "அப்போ யார் வேணும்னாலும் வந்து உட்காரலாமா?" என்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கும். என் அத்தையைப் பார்த்து, அதாவது என் மாமியாரைப் பார்த்து, அதையேதான் கேட்டார்கள்.

2020 டிசம்பர் பஞ்சாயத்துத் தேர்தலில் அத்தை வார்டு மெம்பராக ஜெயித்தார். 30ஆம் தேதி காலையில் பிரசிடெண்ட் தேர்தல், மதியம் வைஸ் பிரசிடெண்ட் தேர்தல். வைஸ் பிரசிடெண்ட்டுக்கு அத்தை பெயரையும் சொன்னார்கள். முந்தின நாள் ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து, கட்சிக்காரப் பெரியவர் ஒருவர், "எட்டாங்கிளாஸ், அதுவும் தமிழ் மீடியம். மலையாள ஃபைலை இது எப்படி வாசிக்கும்?" என்றார். அத்தை அவருக்குக் காபி கொண்டு வந்து வாசற்படியில் நின்றிருந்தார். அந்த "இது" இன்னும் என் காதில் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. தமிழ், கன்னடம் பேசும் சிறுபான்மையினர் அரசுக்கு அவரவர் மொழியில் எழுதலாம், பதிலும் அந்த மொழியில் கிடைக்க வேண்டும் என்று கேரளத்தின் 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. மாமனாரின் நில அளவைக்காக நான் தமிழில் எழுதிக் கொண்டு போன மனுவை, ஓர் அலுவலகத்தில் மடிப்பைக்கூடப் பிரிக்காமல் "மலையாளத்தில் எழுதிட்டு வாங்க" என்று திருப்பித் தந்தார்கள். குறை எங்கள் படிப்பில்தானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர் போன பிறகு அத்தை என்னிடம் கேட்டது ஒன்றுதான். "கண்ணு, வைஸ் பிரசிடெண்ட்டுக்கு என்ன வேலைன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. நான்தான் தேடிப் பார்த்தேன். கேரளப் பஞ்சாயத்தில் வைஸ் பிரசிடெண்ட்தான் நிதி நிலைக்குழுவின் தலைவர். அதாவது வேலையே கணக்கு. அத்தை 14 வருஷம் அயல்கூட்டத்தின் (அக்கம்பக்கத்துப் பெண்களின் சேமிப்புக் குழு) சேமிப்புக் கணக்கும் கடன் கணக்கும் எழுதியவர். ஒரு ரூபாய் பிசகினதில்லை.

மறுநாள் ஜெயித்தார். சில மாதத்தில் தெருவிளக்குப் பராமரிப்பு பில் ஒன்று வந்தது. எழுத்தை நான் வாசித்தேன், எண்களை அவர் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே வந்தார். எங்கள் வார்டில் ஏழு கம்பத்துக்கு பல்பு மாற்றியதாக இருந்தது. "இதுல ரெண்டு கம்பத்துல பல்பு மாட்ற ஹோல்டரே கிடையாதே" என்றார். குழுவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பில் குறைந்தது. அடுத்த வருஷத்துக்குள் என் மகளின் பாடப் புத்தகத்தை வைத்தே மலையாளமும் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார்.

படிப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் மாவட்டத்து ஒற்றப்பாலம் எம்.பி.யாக இருந்த கே.ஆர். நாராயணன் லண்டனில் படித்தவர், வெளிநாடுகளில் தூதராக இருந்தவர். 1992இல் 700 ஓட்டு வாங்கித் துணைத் தலைவரானார், எதிர்த்து நின்றவருக்கு ஒரே ஓட்டு. படிப்பும் அனுபவமும் அவருக்குக் கைகொடுத்தன, மறுக்கவில்லை. பதவியின் வேலை என்ன என்பதை முதலில் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

டெல்லியில் அந்த வேலை இரண்டு. தினசரி வேலை மாநிலங்களவையை நடத்துவது. ஓட்டு சமமாக விழுந்தால் தவிர அவருக்கு அங்கே ஓட்டுக் கிடையாது. இன்னொன்று, குடியரசுத் தலைவர் இடம் காலியானால் அந்தப் பொறுப்பைப் பார்ப்பது. அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 1969 மே மாதம் ஜாகிர் உசேன் இறந்த அன்றே வி.வி. கிரி குடியரசுத் தலைவர் பொறுப்பை ஏற்க வேண்டியிருந்தது. 1977இல் பக்ருதீன் அலி அகமது இறந்தபோது பி.டி. ஜாட்டி ஐந்து மாதத்துக்கு மேல் அந்தப் பொறுப்பைப் பார்த்தார், நடுவில் ஆட்சியே மாறியது.

ஓட்டு எண்ணிக்கை அன்று வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் டிவி முன்னால் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, கடலை உரித்துக்கொண்டிருந்த அத்தை கேட்டார்: "கூச்சல் போடறவங்களை உட்கார வெக்கத் தெரியுமா அவருக்கு? எதிர்க்கட்சிக்காரன் கை தூக்கினா பேச விடுவாரா?"

இரண்டு பேருக்கும் அவரவர் ஆளைப் பற்றிப் பதில் தெரியவில்லை. உங்கள் அப்பாவிடமும் மாமாவிடமும் முதலில் இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.