ஆக்கவுரிமை தங்களுடையது என்கிறார்கள், பட்டறையை மூடவா?

கேள்வி: கொக்குவிலில் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். கரண்ட் நின்றதும் வீட்டு இணைப்பைத் தானாக இன்வேட்டருக்கு மாற்றும் பெட்டிகளை 2019 முதல் செய்து விற்கிறேன். அந்த மின்சுற்றுக்கு 2021இல் விண்ணப்பித்து ஆக்கவுரிமை (பேடன்ட்) பெற்றதாகவும், 14 நாட்களுக்குள் உற்பத்தியை நிறுத்தி நட்டஈடு கட்டவேண்டும் என்றும் கொழும்பு நிறுவனமொன்று சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பியிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தம்பி, பட்டறையை உடனே மூடவேண்டாம். பயத்தில் "இனிச் செய்யமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிடவும் வேண்டாம். அந்தத் தாளே பிறகு உங்களுக்கு எதிரான சாட்சியாகும்.

முதலில் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் அந்த ஆக்கவுரிமையின் பிரதியை எடுங்கள். வருடாந்தக் கட்டணம் கட்டப்பட்டு அது உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். படங்களை விட முக்கியம், எதற்கெல்லாம் உரிமை என்று வரையறுத்துக் கடைசியில் வரும் கோரிக்கைகள். அவர்கள் கோருவது இரண்டு மொஸ்ஃபெட்டுகளை (அசையும் பாகமில்லாத மின்னணு ஆளிகள்) எதிரெதிராக இணைத்து மாற்றும் முறை, உங்களுடையது ரிலேயில் (மின்காந்தத்தால் இயங்கும் ஆளி) ஓடுகிறது என்றால், வேலை ஒன்றாக இருந்தாலும் பொதுவாக அது மீறலாகாது. ஆனால் ரெசிஸ்டரின் அளவை மட்டும் மாற்றித் தப்பலாம் என்று எண்ணாதீர்கள்.

உங்கள் பலம் திகதியில்தான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கண்டுபிடிப்பு உலகில் எங்குமே முன்பு வெளிப்படாததாக இருக்கவேண்டும். விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டில் வெளிவந்ததைக் கணக்கில் எடுக்காமல் விடும் சலுகை, விண்ணப்பதாரர் தாமே வெளியிட்டதற்குத்தான். உங்கள் 2019 விற்பனையை அது மறைக்காது. சிப் உற்பத்தியாளர் வெளியிட்ட பழைய விவரத் தாளில் (டேட்டா ஷீட்) அதே சுற்று இருந்தால் அதுவும் அவர்களுக்கு எதிரானதே. ஆக்கவுரிமை செல்லுபடியாகும் என்று தீர்ந்தாலும், விண்ணப்பத் திகதிக்கு முன்பே நல்லெண்ணத்துடன் இலங்கையில் செய்துவந்தவர் தொடர்ந்து செய்யலாம் என்றும் சட்டம் சொல்கிறது.

இதற்கெல்லாம் அத்தாட்சி வேண்டும். எங்கள் பக்கத்தில் கைவேலை நன்கு தெரிந்த எத்தனையோ பேர் துண்டுத் தாளில் கணக்கெழுதி எறிந்துவிடுகிறார்கள். உரிமை இருந்தும் நிரூபிக்க முடியாமல் நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் வலிக்கிறது. பழைய பில் புத்தகம், பாகங்கள் வாங்கிய பற்றுச்சீட்டுகள், திகதியுள்ள வாட்ஸ்அப் படங்கள் எல்லாவற்றையும் தேடுங்கள். 2019இல் வாங்கியவர் வீட்டில் திருத்தப்படாத பெட்டி ஒன்று கிடைத்தால் அதற்கு மேலான சாட்சி இல்லை. அவரிடம் சத்தியக்கடதாசியும் வாங்குங்கள். 2021க்குப் பிறகு சுற்றை மாற்றியிருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். பழைய விற்பனை பழைய சுற்றுக்குத்தான் கைகொடுக்கும்.

வழக்கு வந்தால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும், செலவு அதிகம். அங்கேயே அந்த ஆக்கவுரிமையைச் செல்லாததாக்கும்படியும் நீங்கள் கேட்கலாம். இப்போதைக்கு 14 நாட்கள் முடியுமுன், எந்தக் கோரிக்கையை உங்கள் பெட்டியின் எந்தப் பகுதி மீறுகிறது என்று கேட்டு, சட்டத்தரணி மூலம் பதில் அனுப்புங்கள். 2019 பற்றுச்சீட்டுகளை அதோடு இணைப்பதா என்பதை, இரு சுற்றுப் படங்களையும் ஒப்பிட்ட பிறகு அவர் முடிவு செய்யட்டும்.