கூடி எழுதுதல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் இளங்கலை இறுதியாண்டு மாணவி. இந்த செமஸ்டரில் எழுத்துப் பயிற்சிக்கான பாடம் ஒன்றை எடுத்துப் படித்தேன். நால்வர் கொண்ட குழுவில் ஒருவரின் வரைவை மற்ற மூவரும் படித்துக் குறிப்பெழுத வேண்டும். இறுதியில் நால்வரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுத வேண்டும். என் முதல் கட்டுரையில் ‘நூலகத்தின் அமைதி என் மனதைப் பண்படுத்தியது’ என்று எழுதியிருந்தேன். ‘அப்போது அங்கே என்ன கேட்டது?’ என்று ஒரு தோழி ஓரத்தில் குறித்திருந்தார். அந்த வரியை மாற்றப் போய்க் கட்டுரை முழுவதுமே மாறிவிட்டது. இரண்டு வரைவுகளையும் இணைத்துள்ளேன்.

இப்போது ‘எழுதுபவராக நீங்கள் அடைந்த வளர்ச்சி’ என்ற தலைப்பில் கட்டுரை கேட்கிறார்கள். வளர்ந்தது நானா, குழுவா என்று தெரியவில்லை. கூட்டுக் கட்டுரையில் எல்லோரும் பாராட்டிய பத்தி நான் எழுதியதல்ல. என் குரல் மற்றவர்களின் குரலில் கரைந்துவிட்டதோ என்ற அச்சமும் இருக்கிறது.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

இரண்டு வரைவுகளையும் படித்தேன். முதல் வரைவின் அந்த வரியை நூலகத்துக்குள் நுழையாத ஒருவர்கூட எழுதிவிடலாம். இரண்டாவதில், ‘மின்விசிறியின் ஓசையும் யாரோ தாள் புரட்டும் ஓசையும் கேட்டன, அரை மணி நேரமாக ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கடுத்த பத்தியில், அந்த அமைதி உங்களைப் பண்படுத்தவில்லை, அலைக்கழித்தது என்பதைக் கண்டுகொள்கிறீர்கள். தோழியின் கேள்வி ஒரு வாக்கியத்தைச் செப்பனிட்டதோடு நிற்கவில்லை. நீங்கள் உண்மையில் உணராத ஒன்றை, உணரவேண்டியது என்று எண்ணி எழுதியிருந்தீர்கள் என்பதை வெளிக்கொண்டுவந்தது. கேள்வி அவருடையது. ஆனால் அதற்கான விடையை நினைவின் அடியிலிருந்து தேடி எடுத்ததும், அது கட்டுரையின் போக்கையே கவிழ்க்கும் என்று தெரிந்தும் எழுதியதும் நீங்கள். இதில் எது யாருடையது என்று பங்கு பிரிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது. மற்ற மூவரின் வரைவுகளில் நீங்கள் என்ன குறிப்பெழுதினீர்கள் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வளர்ச்சியை நான் முதலில் அங்கேதான் தேடுவேன். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணவன் கற்கும் வழியைப் பேசும்போது, ஆசிரியர் சொன்னதை முழுமையாக உள்வாங்கினாலும் ‘காற்கூ றல்லது பற்றல னாகும்’ என்கிறார். அதாவது, ஆசிரியரிடமிருந்து கிடைப்பது கால் பங்குதான். உடன் கற்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு வருகிறது. எஞ்சிய பாதி, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதில்தான் நிறைகிறது. இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த இந்தக் கணக்கு எழுத்துக்கு மிகவும் பொருந்துகிறது. ஒரு நண்பரின் மூன்றாவது பத்தியில் ஏன் சோர்வு தட்டியது என்பதை அவருக்கு விளங்கும்படி எழுத முயலும்போது, அதுவரை வெறும் உணர்வாக இருந்தது உங்களுக்கே தெளிவான அறிவாகிறது. பிறகு உங்கள் சொந்த மூன்றாவது பத்தியை அந்தக் கண்ணோடு படிக்காமல் இருக்க முடியாது.

அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ, ஆசிரியரே இல்லாத எழுத்துக் குழுக்களைப் பற்றி 1973-இல் ஒரு நூல் எழுதினார். அத்தகைய குழுவில் படிப்பவர் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை, படிக்கையில் தன் மனதில் என்ன நிகழ்ந்தது என்பதைச் சொன்னால் போதும் என்பது அவர் வழி. ‘இது நன்றாக இல்லை’ என்பதைக் காட்டிலும் ‘இந்த இடத்தில் நான் உங்களைத் தவறவிட்டுவிட்டேன்’ என்பது எழுதியவருக்கு எத்தனையோ மடங்கு பயன்படும். உங்கள் தோழியின் குறிப்பும் ஏறக்குறைய அந்த வகைதான். அவர் நல்ல வாசகர், அவரை விட்டுவிடாதீர்கள்.

குரல் கரையும் அச்சத்துக்கு வருகிறேன். அதை நான் தள்ளிவிட மாட்டேன். நால்வர் சேர்ந்து எழுதும்போது நால்வருக்கும் உடன்பாடான சொல்லே எஞ்சும். யாரோ ஒருவருக்கு மட்டும் பிடித்த, சற்றுக் கோணலான வரிதான் முதலில் வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட வரிகள் உங்களிடம் இருந்தால் அவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாக எழுதும்போது அவை தேவைப்படும். ஆனால் பிறர் கை பட்டாலே குரல் போய்விடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ (The Waste Land) என்ற நெடுங்கவிதை 1922-இல் வெளிவந்தது. அதன் கையெழுத்துப் படி 1971-இல் அச்சானபோது, அவருடைய நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்ட் அதில் எவ்வளவு வெட்டியிருந்தார் என்பதை எல்லோரும் பார்க்க முடிந்தது. நான்காம் பகுதியில் இருந்த நீண்ட கடற்பயண விவரிப்பு முழுவதும் போய்ப் பத்து வரிகளே மிஞ்சின. மனம் தளர்ந்த எலியட் அந்தப் பத்தையும் நீக்கிவிடட்டுமா என்று கேட்டார். பவுண்டோ அவை இருந்தே ஆகவேண்டும் என்றார். இத்தனைக்குப் பிறகும் அந்தக் கவிதையில் ஒலிப்பது எலியட்டின் குரல். எதை வெட்டலாம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, எதைத் தொடக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது.

பாராட்டுப் பெற்ற அந்தப் பத்தி ஏன் நன்றாக இருக்கிறது என்பதை உங்களால் வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். செமஸ்டரின் தொடக்கத்தில் அது முடிந்திருக்காது என்றால், உங்கள் கட்டுரைக்கு அதுவே பொருள். ‘என் எழுத்துத்திறன் மேம்பட்டது’, ‘தன்னம்பிக்கை கூடியது’ போன்ற வாக்கியங்களை அதில் எழுதாதீர்கள். அவை ‘மனதைப் பண்படுத்தியது’ என்ற வரியின் உடன்பிறப்புகள். இரண்டு நூலக வரிகளையும் அடுத்தடுத்து வையுங்கள், தோழியின் கேள்வியை நடுவில் வையுங்கள், அவர் பெயரையும் சொல்லுங்கள். பிறகு நீங்கள் இன்னொருவரின் வரைவில் எழுதிய குறிப்புகளில் முதல் வாரத்தைச் சேர்ந்த ஒன்றையும் கடைசி வாரத்தைச் சேர்ந்த ஒன்றையும் எடுத்துக்காட்டி, இடையில் உங்கள் வாசிப்பில் என்ன மாறியது என்று எழுதுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால், பழைய வடிவங்கள் பதிப்பு வரலாற்றிலும், மூடிய குறிப்புகள் கருத்துகளின் பட்டியலிலும் இன்னும் கிடைக்கும். பாடம் முடிந்து அந்தக் கோப்பை யாரேனும் நீக்குவதற்குள், வேண்டிய பழைய வடிவங்களையும் குறிப்புகளையும் தனியே நகல் எடுத்துவிடுங்கள்.