வண்டியைப் போலீஸ் பிடித்தால்: சட்டம் சொல்வது என்ன?

சார், பைக் இன்சூரன்ஸ் முடிந்து நாலு நாள்தான் ஆகிறது. வண்டியை ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். அதற்கு அதிகாரம் உண்டா?

வண்டியைப் பிடித்து வைக்கும் அதிகாரம் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 207ஆம் பிரிவில் வருகிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது, வயது வராதவர் ஓட்டுவது, பதிவில்லாத வண்டி, பெர்மிட் மீறல் ஆகியவைதான் அதில் உள்ள காரணங்கள். இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கும் 146ஆம் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. இன்சூரன்ஸ் இல்லாததற்குத் தண்டனை 196இல்: முதல்முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000, 3 மாதம் வரை சிறையும் உண்டு. அதனால், குறை இது ஒன்றுதான் என்றால், எந்தப் பிரிவில் எடுக்கிறீர்கள் என்று பணிவாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஆர்.சி.யையும் பாருங்கள். 15 வருடம் முடிந்து புதுப்பிக்காத பைக் பதிவில்லாத வண்டிதான். அதைத் தாராளமாகப் பிடிக்கலாம்.

இன்சூரன்ஸை இன்றே போடுங்கள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவரை இடித்துவிட்டால், போதிய ஜாமீன் தொகை கட்டாமல் கோர்ட் அதை விடாது. 3 மாதம் போனால் ஏலத்துக்குப் போகும், நஷ்டஈடும் உங்கள் தலையில்தான்.

லைசென்ஸ் வீட்டில் இருக்கிறது அண்ணா. போனில் காட்டினால் போதுமா?

டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற இரண்டு அரசு ஆப்களும் செல்லும். 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139ஆம் விதியையே அதற்காகத் திருத்தினார்கள். கேலரியில் இருக்கும் போட்டோ செல்லாது. காலாவதி தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு இருந்த 30 நாள் சலுகை 2019 திருத்தத்தோடு போய்விட்டது.

லைசென்ஸ் இல்லாத தம்பி என் பைக்கை எடுத்துப் போய் மாட்டிக்கொண்டான். வண்டியை எப்படி மீட்பது?

அபராதம் இரண்டு பேருக்கும் வரும். ஓட்டியவருக்கு 181இல் 5,000. கொடுத்த உங்களுக்கு 180இல் 5,000. சோதனை நடக்கும் இடத்துக்கே லைசென்ஸ் உள்ள ஒருவரோடு உடனே போக முடிந்தால் போங்கள். லைசென்ஸ் விஷயத்தில் வண்டிக்குப் பதில் ஆர்.சி.யை மட்டும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்க 207லேயே இடமிருக்கிறது. அது அதிகாரியின் விருப்பம்தான், ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

வண்டி ஏற்கெனவே போய்விட்டதென்றால், 207 உட்பிரிவு 2இன்படி போக்குவரத்து அதிகாரியிடமோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ உரிமையாளர் மனு கொடுக்க வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, அடையாள அட்டை, பறிமுதல் ரசீது எல்லாம் வேண்டும். பலர் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள்: ஓட்டிவர லைசென்ஸ் உள்ள ஆளில்லாமல் அதே தம்பியோடு போய் நிற்கிறார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போயிருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் இடைக்கால விடுவிப்பு மனு போடுங்கள். வண்டிகளை ஸ்டேஷனில் மாதக்கணக்கில் மக்கவிடக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

பையனுக்கு 17 வயது. தெருமுனை வரை ஸ்கூட்டர் ஓட்டலாமா மேடம்?

கூடாது. 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாவியை ஆணியில் மாட்டி வைக்காதீர்கள்.

டோயிங்கில் கார் கெட்டுப்போகுமா?

தூக்கும் விதத்தைப் பொறுத்தது. முன்சக்கரத்தில் இழுவை உள்ள காரைப் பின்பக்கம் தூக்கி இழுத்தால், தரையில் உருளும் முன்சக்கரங்கள் கியர்பாக்ஸைச் சுழற்றும். ஆட்டோமேட்டிக் என்றால் உள்ளே எண்ணெய் ஓட்டமில்லாமல் தேய்ந்துவிடும். முன்பக்கம் தூக்கச் சொல்லுங்கள்; நாலு சக்கரமும் ஏறும் தட்டு லாரி கிடைத்தால் இன்னும் நல்லது. ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள், பைக் என்றால் ஹேண்டில் லாக்கைத் திறந்துவிடுங்கள். எடுக்கும் முன் நாலு பக்கமும், கிலோமீட்டர் மீட்டரும், பெட்ரோல் முள்ளும் தெரிய ஒரே வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். கீறல் பற்றிப் பிறகு பேச அதுதான் ஆதாரம்.