நோகாத வருத்தம்: திருமலை வாசகர் கேள்விக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்வி எல்லாத்திலயும் ஒரே கதைதான், "நோவில்லயே டொக்டர்". உலகத்தில நாலு சாவில கிட்டத்தட்ட மூண்டு பிரஷர், சீனி, ஹார்ட், கேன்சர் மாதிரி தொத்தாத வருத்தங்களாலதான், அதில கனக்க நோவில்லாமத்தான் தொடங்குது.

திருக்கடலூர் அண்ணா ஒருத்தர்: பிரஷர் 130/80க்கு வந்திட்டுது, தலையிடியும் இல்ல, குளிசையை விட்டிட்டன். பரவால்லயா?

இல்ல அண்ணா. 130/80 வந்ததே குளிசை வேலை செய்ததாலதான், விட்டா திரும்ப ஏறும், ஏறுறது உங்களுக்குத் தெரியவும் மாட்டாது, கனபேருக்கு பிரஷர் ஒரு குணங்குறியும் காட்டாம நேரா பாரிசவாதத்திலதான் கொண்டுபோய் விடுறது. கடலுக்குப் போறதால கிளினிக் நாள் தவறினா அடுத்த நாளே போங்க, ஏசினா ஏச்சையும் வாங்கிக்கொண்டு குளிசையோட வாங்க. உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி. கருவாட்டுக் கறிக்கு மேலால உப்புப் போடுற கை உங்கட வீட்டிலயும் இருக்கும், அந்தக் கையைப் பிடிங்க. கருவாட்டை சுடுதண்ணியில ஊறவிட்டு அந்தத் தண்ணியையும் ஊத்திவிடுங்க.

உவர்மலையில இருந்து ஒரு தங்கச்சி: அப்பாக்கு கனகாலமா சீனி. கால்ல புண், ஆறுதில்ல, ஆனா நோகேல்ல எண்டுறார்.

நோகாததுதான் எனக்குப் பயம். சீனி கூடிக் கூடி கால் நரம்பு மரத்துப்போனா ஆணி ஏறினாலும் தெரியாது, கால் எடுக்கிற அளவுக்குப் போற கனக்க கேஸ் இப்பிடி சின்னப் புண்ணிலதான் தொடங்குது. மஞ்சள் எண்ணெய் ஒண்டும் பூசாம இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்க. கோணேசர் கோவிலுக்கு வெறுங்காலோட போற சீனிக்காரர் எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்லுறன், தரை சுட முதல் போயிட்டு வந்து, அடிப்பாதத்துக்குக் கீழ ஒரு கண்ணாடியை வச்சுப் பாருங்க, விரல் இடுக்கையும் விடாம.

மூதூர் ஐயா: புகையிலை இல்லாம வெறும் வெத்திலை பாக்குத்தான், அதுவுமா கூடாது?

கூடாது ஐயா. பாக்கு மட்டும் தனியாவே கேன்சர் தரும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004 அறிக்கையிலயே சொல்லியாச்சு. இலங்கையில ஆம்பிளைகளுக்கு ஆகக் கூடுதலா வாறதும் வாய்ப் புற்றுநோய்தான். வாய்க்குள்ள வெள்ளையோ சிவப்போ திட்டு, வாய் முழுசாத் திறக்க ஏலாமை, இதில ஒண்டு இருந்தாலும் பல் டொக்டரிட்டக் காட்டுங்க.

நிலாவெளித் தம்பி: வயசு 40, ஒரு வருத்தமும் இல்ல. செக் பண்ணணுமா?

ஓம். அரசாங்க ஆஸ்பத்திரியில ஹெல்த்தி லைஃப்ஸ்டைல் சென்டர் எண்டு கேளுங்க, பிரஷர், சீனி, நிறை எல்லாம் காசில்லாமப் பாப்பினம். இடுப்பளவு ஆம்பிளைக்கு 90 சென்டிமீற்றருக்குள்ள, பொம்பிளைக்கு 80க்குள்ள இருக்கணும். சீனி பாக்கிறதுக்கு வெறும் வயித்தோட போங்க, பிளேன்டீயும் குடிக்காம.