மரம் வெட்டலாமா, கூடாதா? வடசென்னையிலிருந்து சில கேள்விகள்

வனத்துறையில் சரகராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், மரம் என்று யார் வாயெடுத்தாலும் என் பக்கம் அனுப்பிவிடுகிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மாதவரம்: ஐயா, புது வீட்டுக்குத் தேக்குக் கதவு போட ஆசை. "காட்டை அழிக்கிறீர்களா அப்பா?" என்று மகள் சண்டைக்கு வருகிறாள்.

மகளிடம் கோபப்படாதீர்கள், கதவையும் கைவிட வேண்டாம். காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். 100 கிலோ மரம் என்றால், காற்றிலிருந்து இழுத்த சுமார் 180 கிலோ கார்பன் டை ஆக்சைடு அதற்குள் அடைபட்டிருக்கிறது. கதவு உளுக்காதவரை அது வெளியே வராது. அலுமினியக் கதவுக்கு இந்தக் குணம் கிடையாது. வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர்கிறதா என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். வால்டாக்ஸ் சாலை மரவாடிக்குப் போனால், எந்த ஊர்த் தேக்கு, தோட்டத்து மரமா காட்டு மரமா, ரசீதில் எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். "அசல் பர்மா" என்று சத்தியம் செய்பவரிடம் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்கலாம். மியான்மர் 2014லேயே உருட்டு மரம் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. பலகையின் ஓரத்தில் வெளுப்பு அதிகமிருந்தால் வைரம் பாயாத இளமரம், கரையானுக்கு விருந்து. என்னைக் கேட்டால், பழைய வீடு இடிக்கும்போது வரும் கதவுக்கு ஈடில்லை.

கொருக்குப்பேட்டை, கல்லூரி மாணவி: காட்டை யாரும் தொடாமல் விட்டால் போதாதா சார்?

தொடவே கூடாத காடுகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகள் அப்படிப்பட்டவை. அங்கே நானும் உங்கள் கட்சிதான். ஆனால் பலகையும் காகிதமும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டுமே. உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை, இன்ஜினுக்கு விறகு என்று தேவை பெருகிய அதே ஆண்டில்தான் கிளெக்ஹார்ன் என்பவர் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் ஆனார். கணக்கில்லாமல் வெட்டினால் நாளைக்கு மிஞ்சாது என்ற பயம் அரசுக்கே வந்திருந்தது. 1882இல் வந்த சென்னை வனச் சட்டம் காட்டோடு சேர்த்து காட்டோரத்து மக்களின் உரிமையையும் பூட்டியது, அது வேறு கதை. 2006 வன உரிமைச் சட்டம்வரை அந்தப் புண் ஆறவில்லை, இப்போதும் முழுதாக ஆறியதென்று சொல்ல மாட்டேன்.

முறையாக வெட்டுவதென்றால், ஓர் ஆண்டில் வளர்வதற்கு மேல் எடுக்கக் கூடாது. விதை தரும் தாய்மரங்களையும் ஓடைக்கரை மரங்களையும் விட்டுவிட வேண்டும். பொந்து விழுந்த கிழட்டு மரத்தைக் கண்டால் காண்டிராக்டருக்கு எரிச்சல். பலகைக்கு ஆகாது, இடத்தை அடைக்கிறது என்பார். இருவாச்சிப் பறவைக்கு அந்தப் பொந்துதான் பிரசவ அறை. பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் அளவே திறப்பு இருக்கும், அதன் வழியாக ஆண் பழம் ஊட்டும். அந்த மரம் போனால் எத்தனை கன்று நட்டாலும், பொந்து விழ இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும்.

எண்ணூர், மீனவர்: கழிமுகத்தில் அலையாத்திக் கன்று நட்டார்கள். பாதிக்குமேல் காய்ந்துபோனது. ஏன் ஐயா?

கன்றைக் குறை சொல்லாமல் தண்ணீரைப் பாருங்கள் தம்பி. உங்கள் பக்கம் வளர்வது வெண்கண்டல் என்ற அலையாத்தி வகை. இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேண்டாத உப்பை இலை வழியே வெளியேற்றுகிற மரம் அது. சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் பென்சில் நட்டதுபோல மூச்சுவேர்கள் மேலே நிற்கும். ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றத் தண்ணீர், ஏறி இறங்க வேண்டும். தண்ணீர் தேங்கினாலும் சாகும், வராவிட்டாலும் சாகும். கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து தரை உயர்ந்த இடங்களில் ஓதமே எட்டுவதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வந்த எண்ணெய் மரங்களில் அப்பியதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பிச்சாவரத்தில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விட்ட பிறகுதான் கெட்டுப்போன இடம் தளிர்த்தது. முதலில் வாய்க்கால், பிறகு கன்று. பிழைத்துவிட்டால் இறால் குஞ்சுக்கு வேரடியில் ஒதுங்க இடம் கிடைக்கும். காற்றில்லாத சேற்றில் விழுந்த இலையும் வேரும் எளிதில் மக்காது, ஆகவே அலையாத்தியின் கார்பனில் பெரும்பங்கு மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதற்காகக் காலியான சேற்றுத் திட்டையெல்லாம் நட்டு நிரப்பிவிடாதீர்கள். வலசை வரும் உள்ளான் பறவைகள் இரை பொறுக்குவது அங்கேதான்.

மீஞ்சூர்: சவுக்குத் தோப்பு காடாகுமா?

ஆகாது, அது பயிர். 3 முதல் 5 ஆண்டில் வெட்டி சாரக் கம்புக்கும் காகித ஆலைக்கும் போகிறது. அடியில் பெரிதாக எதுவும் முளைக்காது. ஆனாலும் அந்த அளவுக்குக் காட்டின்மேல் கை வைப்பது குறையும்; குறையாகச் சொல்லவில்லை.

மணலி: சீமைக்கருவேலத்தை என்ன செய்வது?

வேரோடு எடுங்கள். அடிமரத்தை விட்டால் துளிர்க்கும், நெற்றைத் தின்ற மாடு சாணத்தில் விதையைப் பரப்பும். எடுத்த இடத்தில் உடனே வேறு மரம் நடாவிட்டால் அதுவே திரும்பி வரும்.

வியாசர்பாடி: எங்கள் தெருவுக்கு என்ன மரம் வைக்கலாம்?

பூவரசு, புங்கை, வேம்பு. 2016இல் வர்தா புயல் சாய்த்ததில் வெளியூர் அழகு மரங்கள் ஏராளம். எதை வைத்தாலும் அடிமரத்தை ஒட்டி சிமென்ட் பூச விடாதீர்கள், சுற்றிலும் ஒரு மீட்டராவது மண் தெரியட்டும். தெருவில் சாலை போட ஆள் வந்தால் அன்றைக்கு வாசலில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.